அவசரத்துக்கு விலை என்ன?



மதரஸாவிலும் ஆரம்பப் பள்ளியிலும் கற்றதே என் கல்வி. அதற்குப் பிறகு கற்றதெல்லாம் கல்லாப்பெட்டிக்கு முன்னால் நின்று கற்றதுதான். ஆகையால் இக்கட்டுரையில் பெரிய சாஸ்திர விசாரணை எதையும் நேயர்கள் எதிர்பார்க்க வேண்டாம். என் வீட்டு வாசலில் நடந்த ஒரு சிறு சம்பவம் என் உறக்கத்தைக் கெடுத்தது. அதைப்பற்றி யோசிக்கப் போய், என் கடைக்குள்ளேயே நடந்த வேறொரு காரியம் நினைவுக்கு வந்து, மிச்சமிருந்த உறக்கத்தையும் கெடுத்தது. இரண்டையும் எழுதுகிறேன். நியாயம் சொல்ல வேண்டியவர்கள் நீங்கள்.

நாங்கள் குடியிருப்பது சிங்கப்பூரில் ஒரு வீவக அடுக்குமாடி வீடு. சென்ற ஆண்டு ஒரு நாள் அஸருக்குப் பின் என் வீட்டார் குப்பைப் பையை எடுத்துக்கொண்டு மின்தூக்கிப் பக்கம் போயிருக்கிறார். போய்த் திரும்ப இரண்டு நிமிடம் ஆகியிருக்கும். அதற்குள் காற்றடித்துக் கதவு சாத்திக்கொண்டது. எங்கள் கதவின் பூட்டு, சாத்திய மாத்திரத்தில் தானாகப் பூட்டிக்கொள்ளும் வகை. சாவி உள்ளே. கைத்தொலைபேசி உள்ளே. பக்கவாதத்தால் படுக்கையில் இருக்கும் என் உம்மாவும் உள்ளே. அடுப்பில் குழம்பு கொதித்துக்கொண்டிருந்தது.

என்னிடம் ஒரு சாவி உண்டு. அன்று காலை பார்த்துதான் அதை மேசைமேல் வைத்துவிட்டுக் கடைக்கு வந்திருந்தேன். இன்னொன்று மகனிடம். அவன் தேசிய சேவை முகாமில் இருந்தான். அண்டை வீட்டாரின் தொலைபேசியில் என் வீட்டார் என்னை அழைத்துப் பதறினார். மின்தூக்கிக்கு அருகில் சுவரில் ஒட்டியிருந்த ஒரு துண்டுத்தாளைப் பார்த்து அண்டை வீட்டுப் பெண் எண்ணைச் சொல்ல, நான் அந்தப் பூட்டுக்காரரைக் கூப்பிட்டேன். "40 வெள்ளியிலிருந்து" என்றார்கள். அந்த "இலிருந்து" என் காதில் விழுந்தது, மனத்தில் விழவில்லை. உடனே வரச் சொல்லிவிட்டு, கடையைப் பையனிடம் ஒப்படைத்து ஒரு டாக்சியில் ஏறினேன்.

நானும் அவரும் ஏறக்குறைய ஒரே நேரத்தில் வந்து சேர்ந்தோம். வயது முப்பது இருக்கும். பெட்டியைக் கீழே வைத்தார். பூட்டை ஒரு பார்வை பார்த்தார். கையால் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை.

"இது கெட்டிப் பூட்டு, அங்கிள். துளைத்துத்தான் எடுக்க வேண்டும். புதுப் பூட்டோடு சேர்த்து 380 வெள்ளி. ரொக்கமாக."

"தம்பி, தொலைபேசியில் 40 என்றார்களே?"

"அது சாதாரணப் பூட்டுக்கு. வேண்டாமென்றால் வந்த கூலி 60 கொடுத்துவிடுங்கள், நான் போகிறேன்."

கதவுக்கு அப்பால் என் உம்மாவின் குரல் கேட்டது. "யாரு வாசல்ல?" என்று இரண்டு தடவை கேட்டார். குழம்பு அடிப்பிடிக்கும் வாடையும் வந்தது. நான் அவர் முகத்தை ஒருமுறை பார்த்தேன். பிறகு "சரி" என்றேன்.

துளையிடும் யந்திரத்தை வைத்து ஒன்பதே நிமிடத்தில் வேலையை முடித்துவிட்டார். உம்மாவுக்கு ஒன்றுமில்லை, அல்ஹம்துலில்லாஹ். பாத்திரம் மட்டும் கரிந்து போயிற்று. அவர் ஒரு புதுப் பூட்டைப் பொருத்தி, பணத்தை எண்ணி வாங்கிக்கொண்டு போனார். ரசீது தரவில்லை. பெயரையும் நான் கேட்கவில்லை.

கடைக்காரனுக்கு எதையும் எறிய மனம் வராதல்லவா? உடைந்த பழைய பூட்டை ஒரு காகிதத்தில் சுற்றி மறுநாள் கடைக்குக் கொண்டுவந்தேன். எங்கள் தெருவின் ஐந்தடி நடைபாதையில் செருப்புத் தைத்துக்கொண்டும் சாவி வெட்டிக்கொண்டும் ஒரு சீனப் பெரியவர் பல காலமாக உட்கார்ந்திருக்கிறார். அவரிடம் அதைக் காட்டினேன். கண்ணாடியை நெற்றியிலிருந்து இறக்கிப் பார்த்துவிட்டு, அரைகுறை மலாயில் விவரம் சொன்னார். நானும் அரைகுறை மலாயில்தான் கேட்டுக்கொண்டேன். கைப்பொருளைப் பிரித்துப் பிரித்துக் காட்டியபடியால் விளங்கியது.

இவ்வகைப் பூட்டின் வயிற்றில் ஓர் உருளை இருக்கிறது. உருளைக்கு மேல் ஐந்தாறு சிறு முளைகளைச் சுருள்வில்கள் கீழ்நோக்கி அழுத்திக்கொண்டிருக்கின்றன. சரியான சாவி நுழைந்தால் அதன் பற்கள் ஒவ்வொரு முளையையும் அதனதன் உயரத்துக்குத் தூக்கும். எல்லாம் ஒரே கோட்டில் நின்றால்தான் உருளை சுழலும். அது பூட்டின் காவல். ஆனால் காற்றில் சாத்திய கதவைப் பிடித்துக்கொண்டிருந்தது அந்தக் காவல் அன்று. சரிவான முனையுள்ள ஒரு நாக்கு மட்டுமே. கதவு சாத்தும்போது அது உள்வாங்கி, பிறகு வில்லின் விசையால் துருத்திக்கொள்ளும். சாவியைத் திருப்பிக் கட்டையைத் தள்ளிப் பூட்டாத வரை, அந்த நாக்கை வளையும் தகடு ஒன்றால் பின்னுக்குத் தள்ளிவிடலாம். அப்படித் தள்ளவொட்டாமல் தடுக்கும் சிறு கம்பி உயர்ந்த பூட்டுகளில் உண்டு. என் பூட்டில் அது இல்லை.

"ஐந்து நிமிட வேலை. பூட்டும் கெட்டிருக்காது" என்றார் பெரியவர். கூலி என்ன வாங்கியிருப்பீர்கள் என்று கேட்டேன். "பகலில் 50. இரவானால் 80." புதிதாகப் பொருத்திய பூட்டின் படத்தைக் கைத்தொலைபேசியில் காட்டினேன். 35 வெள்ளிக்குக் கிடைக்கும் சரக்கு என்றார். பிறகு என்னையும் கொஞ்சம் கண்டித்தார்: உள்ளே நோயாளியும் அடுப்பில் நெருப்பும் இருந்தால் பூட்டுக்காரரைத் தேடிக்கொண்டிருப்பதா, 995-ஐ அல்லவா முதலில் கூப்பிட வேண்டும் என்றார். அவர் சொன்னது நியாயம். சகோதரர்களும் இதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

நிற்க. நான் ஏமாந்தேன் என்று சொல்வது எளிது. எந்த இடத்தில் ஏமாற்றப்பட்டேன் என்று சொல்வதுதான் கடினம். வியாபாரம் செய்து பிழைக்கும் நாம் அந்த இடத்தைச் சரியாகக் கண்டுபிடிக்கக் கடமைப்பட்டிருக்கிறோம். ஏனெனில் அந்த இடம் நம் கடையிலும் இருக்கக்கூடும்.

ஒன்பது நிமிட வேலைக்கு இவ்வளவா என்றுதான் முதலில் எனக்கு ஆத்திரம் வந்தது. யோசித்தால் இந்த ஆத்திரத்தில் நியாயமில்லை. ஒரு தொழிலாளி ஒன்பது நிமிடத்தில் முடிக்கிறார் என்றால், அதற்குமுன் எத்தனை வருடம் கற்றிருப்பார்? யந்திரம் வாங்கியிருக்கிறார், வண்டி வைத்திருக்கிறார், அழைப்பு வராத நாள்களிலும் சாப்பிட்டிருக்கிறார். நம் கடையிலும் ஒரு சரக்கை எடுத்துக் கொடுக்க அரை நிமிடம்தான் ஆகிறது. அதற்காக அரை நிமிடக் கூலியா நாம் வாங்குகிறோம்? வாடகை, மின்சாரம், பையன் சம்பளம், விற்காமல் கிடக்கும் சரக்கு ஆகிய எல்லாம் அந்த விலைக்குள் அடக்கம்.

இன்னும் ஒன்றை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். அந்தப் பூட்டுக்காரர் ஒரு தகட்டைச் செருகி ஒரு நிமிடத்தில் கதவைத் திறந்துவிட்டு 80 வெள்ளி கேட்டிருந்தால், நான் மனமுவந்து கொடுத்திருப்பேனா? கொடுத்திருக்க மாட்டேன். "இதற்குப் போய் எண்பதா?" என்று பேரம் பேசியிருப்பேன். யந்திரம் கத்தியது, இரும்புத் தூள் பறந்தது, அவர் நெற்றியில் வேர்வை வந்தது. ஆகவே ஏதோ பெரிய வேலை நடந்ததாக என் மனம் அப்போது சமாதானப்பட்டது. அறிவுக்குக் கொடுக்க நமக்கு மனம் வருவதில்லை, வேர்வைக்குத்தான் கொடுக்கிறோம். வாங்குகிறவர்கள் இப்படி இருந்தால், விற்கிறவன் இல்லாத வேர்வையை உண்டாக்கிக் காட்டத்தானே செய்வான்? அவர் செய்த பிழையில் என்னைப் போன்ற வாடிக்கைக்காரர்களுக்கும் ஒரு சிறு பங்கு உண்டு.

அடுத்தபடியாக, என் அவசரத்துக்காக விலையை ஏற்றினார் என்று குற்றம் சொல்லலாமா? இதிலும் நிதானம் வேண்டும். நடுநிசியில் எழுந்து வருகிறவர் பகல் கூலியைவிட அதிகம் கேட்பது குற்றமல்ல. சீனப் பெரியவரும் இரவுக்கு 30 வெள்ளி கூடுதலாகத்தான் சொன்னார். அது அவருடைய உறக்கத்துக்கு விலை. விலைவாசி ஏறிய ஒரு காலத்தில், விலையை நிர்ணயம் செய்யுங்கள் என்று மக்கள் கேட்டபோது நாயகம் (ஸல்) அவர்கள் அதற்கு இணங்கவில்லை என்ற ஹதீஸை மதரஸாவில் ஓதியிருக்கிறோம். விலை ஏறுவதும் இறங்குவதும் சந்தையின் இயல்பு. விற்பவனுக்கும் ஒரு நியாயம் உண்டு.

அப்படியானால், விலை அதிகம் என்பதும் குற்றமில்லை. வேலை சிறிது என்பதும் குற்றமில்லை. மேலும் நான் வாயால் "சரி" என்றும் சொல்லிவிட்டேன். இதில் எங்கே அநியாயம்?

சட்டம் என்ன சொல்கிறது என்று தெரிந்தவர் ஒருவரிடம் கேட்டேன். சிங்கப்பூரில் 2003-ஆம் ஆண்டு இயற்றப்பட்டு, 2004 மார்ச் முதல் நடப்பிலிருக்கும் பயனீட்டாளர் பாதுகாப்பு (நியாய வர்த்தக) சட்டம் இருக்கிறது. முதலில் சொன்ன மதிப்பீட்டைவிட மிக அதிகமாகக் கட்டணம் வாங்குவதை நியாயமற்ற செயல்களின் பட்டியலில் அச்சட்டம் சேர்த்திருக்கிறது. ஆனால் வாங்குபவர் அந்த அதிக விலைக்கு முன்கூட்டியே வெளிப்படையாகச் சம்மதித்திருந்தால் அது அதில் சேராது. தன் நலனைத் தானே காத்துக்கொள்ள முடியாத நிலையில் ஒருவர் இருப்பதை அறிந்து, அதைப் பயன்படுத்திக்கொள்வதும் நியாயமற்றது என்று அதே சட்டம் வேறோரிடத்தில் சொல்கிறது. சிறு கோரிக்கைகள் நடுவர் மன்றத்துக்கு 20,000 வெள்ளி வரையுள்ள வழக்குகள் போகலாம். இரு தரப்பும் இசைந்தால் 30,000 வரை. எனக்கோ ரசீதுமில்லை, பெயருமில்லை. துண்டுத்தாளையும் யாரோ கிழித்துவிட்டார்கள். ஆகவே சட்டத்தின் வாசலுக்கு நான் போகவில்லை. ஆனால் அந்தச் சட்டத்தின் இரண்டு வாசகங்களுக்கும் இடையே ஒரு கேள்வி நிற்கிறதே, அது என்னை விடவில்லை. சம்மதம் என்பது என்ன?

ஈஜாப், கபூல் என்று ஓதியிருக்கிறோம். ஒருவர் தருகிறேன் என்பதும் மற்றவர் ஏற்றேன் என்பதும் சேர்ந்தால் வியாபாரம் கூடும். என் வாசலில் ஈஜாபும் இருந்தது, கபூலும் இருந்தது. ஆனால் அவற்றுக்கு உயிராக இருக்க வேண்டிய ரிளா, அதாவது இரு தரப்பின் மனப்பொருத்தம், இருந்ததா? நிர்ப்பந்தத்தில் இருப்பவனோடு செய்யும் வியாபாரத்தை நம் இமாம்கள் தனியே எடுத்து ஆராய்ந்திருப்பதன் காரணம் அன்றுதான் எனக்குப் புரிந்தது. என் "சரி" அவருடைய விலைக்குச் சொன்ன சரி அல்ல. என் உம்மாவின் குரலுக்குச் சொன்ன சரி.

இதற்கும் ஒரு மறுப்பு உண்டு. நிர்ப்பந்தத்தை உண்டாக்கியது அந்தப் பூட்டுக்காரர் அல்லவே. கதவைச் சாத்தியது காற்று. அவர் வராமலே இருந்திருந்தால் என் நிலை இன்னும் மோசம். நோய் வந்ததால்தான் வைத்தியர் பிழைக்கிறார், மழை வந்ததால்தான் குடை விற்கிறது. பிறருடைய தேவையில் பிழைப்பது எல்லாத் தொழிலுக்கும் பொது. இம்மறுப்பு சரியானதே. ஆகவே அவசரமுள்ளவனிடம் விற்பது மட்டும் பாவம் என்று நான் சொல்ல மாட்டேன்.

பின் எங்கே பிழை? பல நாள் யோசித்து நான் வந்த முடிவு இது. ஐந்து நிமிடத்தில், பூட்டு கெடாமல் திறக்க வழி இருந்தது. அது அவருக்குத் தெரியும், எனக்குத் தெரியாது. அவர் அதைச் சொல்லவில்லை. அதற்கு மாறாக, துளைத்துத்தான் ஆக வேண்டும் என்றார். என் அவசரம் என் கண்ணைக் கட்டியது. கட்டியிருந்த கண்ணைப் பார்த்துவிட்டு, அவர் வழியை மாற்றிக் காட்டினார். அவசரத்துக்கு விலை வாங்கியிருந்தால் அது கூலி. அறியாமைக்கு விலை வாங்கினார், அதுதான் மோசடி.

தானியக் குவியலின் ஹதீஸ் நம் எல்லோருக்கும் தெரியும். சந்தையில் ஒரு குவியலுக்குள் நாயகம் (ஸல்) அவர்கள் கையை விட்டபோது உள்ளே ஈரம் தட்டுப்பட்டது. மழையில் நனைந்தது என்று வியாபாரி சொன்னார். நனைந்ததற்காக அவர் கண்டிக்கப்படவில்லை. நனைந்ததை மக்கள் காணும்படி மேலே வைக்காததற்காகவே கண்டிக்கப்பட்டார். அந்த வியாபாரி என்ன விலை சொன்னார் என்ற பேச்சே அங்கு எழவில்லை. மேலே இருந்ததும் கீழே இருந்ததும் வேறு வேறு என்பதுதான் விஷயம்.

பூட்டுத் தொழிலிலேயே இதற்கு நேர்மாறான ஒரு கதை உண்டு. லண்டனில் பிராமா என்பவரின் கம்பெனியார், தங்கள் பூட்டு ஒன்றைக் கடைச் சன்னலிலேயே வைத்து, இதைக் கருவிகொண்டு திறப்பவருக்கு 200 கினி பரிசு என்று எழுதிப் பல்லாண்டுகள் விட்டிருந்தார்கள். 1851-ஆம் ஆண்டு அந்நகரில் உலகப் பொருட்காட்சி நடந்த சமயம், ஹாப்ஸ் என்ற அமெரிக்கர் வந்து, 16 நாள்களில் மொத்தம் 51 மணி நேரம் உழைத்து அதைத் திறந்துவிட்டார். கம்பெனிக்கு அவமானம்தான். ஆனாலும் பரிசைக் கொடுத்தார்கள். அந்தப் பூட்டு தோற்றது. கம்பெனியின் நாணயம் தோற்கவில்லை. தன் சரக்கின் பலத்தையும் பலவீனத்தையும் தெருவில் போகிறவன் சோதிக்கும்படி சன்னலில் வைப்பதும் வியாபாரம்தான். ஒரு மெல்லிய தகட்டுக்குத் திறக்கும் பூட்டைக் கெட்டிப் பூட்டு என்று சொல்லித் துளைப்பதையும் வியாபாரம் என்றுதான் சொல்கிறார்கள். எந்த வியாபாரத்தில் நாம் நிற்கிறோம் என்பதே கேள்வி.

இந்த இடத்தோடு கட்டுரையை முடித்திருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும். குற்றவாளி வேறொருவர், நான் பாதிக்கப்பட்டவன். ஆனால் அப்படி முடிக்க எனக்கு உரிமையில்லை.

2020-ஆம் ஆண்டு ஜனவரி மாதக் கடைசியை நினைத்துப் பாருங்கள். ஜனவரி 23-ல் சிங்கப்பூரில் முதல் கொரோனா நோயாளி கண்டறியப்பட்டார். சில நாள்களுக்குள் முகக்கவசத்துக்கு ஊரெங்கும் வரிசை. பிப்ரவரி 1 முதல் வீட்டுக்கு நான்கு முகக்கவசம் என்று அரசாங்கம் வழங்கத் தொடங்கும் அளவுக்குத் தட்டுப்பாடு. என் கடையில் முன்னமே வாங்கி அடுக்கியிருந்த பெட்டிகள் நாற்பது இருந்தன. அடக்கவிலை பெட்டிக்கு 6 வெள்ளி. சாதாரண நாளில் 8-க்கு விற்பேன். அந்த வாரத்தில் 30-க்கு விற்றேன்.

பொய் சொல்லவில்லை. விலையை அட்டையில் எழ்தி வெளியிலேயே தொங்கவிட்டேன். வேண்டியவர் வாங்கினார், வேண்டாதவர் போனார். நண்பர்கள் என் சாமர்த்தியத்தைப் பாராட்டினார்கள். நானும் ரிஜ்க் வந்தது என்று சந்தோஷப்பட்டேன்.

துப்புரவு வேலை செய்யும் ஒரு மலாய் மாச்சிக் எங்கள் கடைக்கு வெகு காலமாக வருவார். சவர்க்காரம், பிஸ்கட், காப்பித்தூள் வாங்குவார். அந்த வாரம் வந்து முகக்கவசம் கேட்டார். விலையைச் சொன்னேன். அவர் ஒன்றும் பேசவில்லை. என் முகத்தை ஒருமுறை பார்த்தார். பிறகு பையைத் திறந்து மூன்று பத்து வெள்ளித் தாள்களை எடுத்து வைத்து, பெட்டியை வாங்கிக்கொண்டு போனார். அதற்குப் பிறகு அவர் வரவில்லை. ஊரடங்கு வந்தது, வேலை இடம் மாறியிருக்கலாம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். நாளடைவில் மறந்தும் போனேன்.

சென்ற ஆண்டு என் வாசலில் நின்று அந்தப் பூட்டுக்காரரின் முகத்தை நான் ஒருமுறை பார்த்தேன் என்று மேலே எழுதினேன் அல்லவா? எந்தக் கண்ணால் அவரைப் பார்த்தேனோ, அந்தக் கண்ணால்தான் அந்த மாச்சிக் என்னைப் பார்த்தார். அன்றிரவு படுத்த பிறகு இது எனக்குத் தெரிந்தது. தெரியாமலே இருந்திருந்தால் நலமாயிருக்கும் என்றுகூட ஒரு கணம் நினைத்தேன்.

இதை ஒரு வியாபார நண்பரிடம் சொன்னேன். அவர் நல்ல மனிதர். என்னைத் தேற்றவே பேசினார். "நீங்கள் எதையும் மறைக்கவில்லை, பூட்டுக்காரர் மறைத்தார், இரண்டும் ஒன்றாகுமா? விலை ஏறினால்தான் வெளியூரிலிருந்து சரக்கு வரும். நீங்கள் 8-க்கே விற்றிருந்தால் முதலில் வந்த ஒருவரே நாற்பது பெட்டியையும் அள்ளிக்கொண்டு போயிருப்பார். மறுபடி வாங்கப் போனால் உங்களுக்கும் அடக்கவிலை கூடியிருக்கும்" என்றார்.

இதில் ஒவ்வொரு வார்த்தையையும் நான் எடைபோட்டுப் பார்த்தேன். மறைக்கவில்லை என்பது உண்மை. ஆகவே மோசடி செய்தேன் என்று என்னை நானே பழித்துக்கொள்ள மாட்டேன். புதுச் சரக்கு அதிக விலைக்கு வரும் என்றால் அதற்கேற்ப ஏற்றுவதும் முறைதான். ஆனால் என் கணக்கில் அந்த முறை இல்லை. மறுகொள்முதலைக் கணக்குப் பார்த்து நான் 30 என்று வைக்கவில்லை. எவ்வளவு சொன்னாலும் கொடுப்பார்கள் என்று பார்த்து வைத்தேன். ஒருவரே அள்ளிப் போய்விடுவார் என்ற பயம் இருந்தால், ஆளுக்கு ஒரு பெட்டி என்று அட்டையில் எழுதியிருக்கலாமே! விலையை எழுதிய அதே கை அதையும் எழுதியிருக்கலாம். எழுதவில்லை. சரக்கைப் பங்கிடுவதற்காக நான் விலையை ஏற்றவில்லை. பயத்தை அளந்து பார்த்து ஏற்றினேன்.

ஆக, பூட்டுக்காரரும் நானும் ஒரே பாவத்தைச் செய்தவர்கள் அல்லர். அவர் செய்தது கனமானது. ஆனால் இருவரும் ஒரே தராசை உபயோகித்தோம். சரக்கின் அடக்கம் என்ன, என் உழைப்பு என்ன என்று நிறுக்கும் தராசு ஒன்று. எதிரில் நிற்பவர் எவ்வளவு பயந்திருக்கிறார் என்று நிறுக்கும் தராசு மற்றொன்று. இரண்டாவது தராசைக் கையில் எடுத்துவிட்டால், பொய் சொல்வதற்கும் சொல்லாமல் இருப்பதற்கும் இடையே அதிக தூரமில்லை. இன்று விலை அட்டையோடு நிற்கிறவன் நாளை துளையிடும் யந்திரத்தோடு நிற்பான்.

நமக்கும் அந்தப் பூட்டுக்காரருக்கும் இன்னொரு வித்தியாசமும் உண்டு. அவருக்கு மறுநாள் கிடையாது. துண்டுத்தாளில் ஓர் எண். அந்த எண்ணுக்கு முகமில்லை. இன்று பார்த்தவரை அவர் இனி பார்க்கப் போவதில்லை. சீனப் பெரியவருக்கோ நடைபாதையில் ஓர் இடம் இருக்கிறது. அவரிடம் ஏமாந்தவன் மறுநாள் அங்கே வந்து நிற்பான். கடை வைத்திருப்பது என்றால், மறுநாளை வைத்திருப்பது என்று பொருள். நம் பெரியவர்கள் ஊரிலிருந்து வந்து இங்கே கடை போட்டபோது, திண்டுக்கல் பூட்டைக் கதவில் தொங்கவிட்டு, சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு தூங்கினார்கள் என்று கேள்விப்பட்டிருக்கிறோம். 2019-ஆம் ஆண்டு அந்தப் பூட்டுக்குப் புவிசார் குறியீடு கிடைத்தபோது நாம் பெருமைப்பட்டோம். ஆனால் அவர்களுடைய கடை நிலைத்தது பூட்டின் பலத்தால் மட்டுமல்ல. நேற்று வாங்கியவர் இன்றும் வந்து, முகத்தைப் பார்த்துச் சிரித்தார், அதனால் நிலைத்தது.

நான் இப்போது என் கடையில் மூன்று காரியங்களைக் கடைப்பிடிக்க முயல்கிறேன். இவற்றைப் பிறருக்குப் போதிக்க நான் ஆளல்ல. பிழை இருந்தால் திருத்துங்கள்.

ஒன்று, விலை சொல்வதற்குமுன் எதிரில் நிற்பவரின் பதற்றத்தைப் பார்க்காமல் சரக்கைப் பார்க்கிறேன். அடக்கமும் செலவும் கூடியிருந்தால் ஏற்றுகிறேன், இல்லையேல் ஏற்றுவதில்லை. "ஏன் இந்த விலை?" என்று ஒருவர் கேட்டால், கூசாமல் சொல்லக்கூடிய காரணம் கைவசம் இருக்க வேண்டும்.

இரண்டு, மலிவான வழி ஒன்று எனக்குத் தெரிந்து, வாங்குபவருக்குத் தெரியாவிட்டால், கேட்காமலே சொல்லிவிடுகிறேன். சென்ற மாதம் ஒருவர் மின்விசிறி வாங்க வந்தார். பழையது ஓடவில்லை என்றார். விவரம் கேட்டால், செருகியிலிருக்கும் பியூஸ் போயிருக்கும் போலத் தோன்றியது. அதை மாற்றிப் பார்க்கச் சொல்லி அனுப்பினேன். மின்விசிறி விற்கவில்லை. மனத்தில் கொஞ்சம் வருத்தம் இருந்தது என்பதையும் மறைக்கவில்லை.

மூன்று, ஒருவர் நல்ல வேலையைச் சீக்கிரமாக முடித்துக் கொடுத்தால், நேரத்தைச் சொல்லிப் பேரம் பேசுவதில்லை. சீனப் பெரியவரைக் கொண்டு கதவுக்கு நல்ல பூட்டாக மாற்றினேன். இருபது நிமிடத்தில் முடித்தார். கேட்டதைக் கொடுத்தேன். வீட்டில் உள்ளவர்களுக்கு ஆளுக்கொரு சாவி போக, அண்டை வீட்டாரிடமும் ஒன்று கொடுத்து வைத்திருக்கிறோம்.

அந்த மாச்சிக்கின் விஷயம் மட்டும் பாக்கி. 30-க்கும் 8-க்கும் வித்தியாசம் 22 வெள்ளி. சதகாவாகக் கொடுத்துவிட்டால் தீர்ந்தது என்றார் நண்பர். எனக்கு மனம் ஒப்பவில்லை. மன வருத்தப்பட்டவர் ஒருவர் உயிரோடு இருக்கும்போது, இன்னொருவருக்குக் கொடுத்து அதை அடைத்துவிட முடியுமா? மேலும் பெட்டிகள் நாற்பது. வாங்கியவர்களில் எனக்கு நினைவிருப்பவர் அவர் ஒருவரே. மற்றவர்களும் இப்படித்தான் பார்த்திருப்பார்கள், நான் கவனிக்கவில்லை. இதற்கு மார்க்கம் அறிந்த ஆலிம்கள் வழி சொன்னால் நன்றியுடன் ஏற்பேன். அதுவரை ஓர் உறையில் 22 வெள்ளியைப் போட்டு, கல்லாப்பெட்டியின் ஓரத்தில் வைத்திருக்கிறேன். கதவருகே நிழல் தட்டினால் தலை நிமிர்ந்து பார்க்கிறேன். இன்னும் அவர் வரவில்லை.

சகோதரர்களே! நாளை உங்கள் கடைக்கும் கண்ணில் பயத்தோடு ஒருவர் வந்து நிற்பார். அவருக்கு வேண்டியது உங்களிடம் மட்டுமே இருக்கும். எவ்வளவு சொன்னாலும் கொடுப்பார் என்பது உங்களுக்கும் தெரியும். அப்போது எந்தத் தராசை எடுப்பீர்கள் என்பதை இன்றே யோசித்து வையுங்கள். அந்த நேரத்தில் யோசிக்க அவகாசம் இருக்காது, எனக்கு இருக்கவில்லை.

வல்ல அல்லாஹ் நம் வியாபாரத்தில் பரக்கத்தையும், நம் நிறுவையில் நேர்மையையும் தந்தருள்வானாக. ஆமீன். வஸ்ஸலாம்.